முருக்கா, ஜக்கரண்டாவா?

புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. வந்த உறவினரும் உண்டு மகிழ்ந்து திரும்பியாயிற்று. இனி முற்றத்தில் என்ன மரம் வைப்பது? தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இக் கேள்வி அண்மைக் காலத்திலேதான் எழுந்திருக்கிறது. அதற்கு முன்னர் அதைக் கேட்பதற்கு இடமே இருக்கவில்லை. லயத்துக் காம்பராவில் வாழ்ந்த குடும்பத்துக்கு முற்றம் என்பது வாசலுக்கு எதிரே ஓடிய கானும் அதன் ஓரத்து நடைபாதையும்தான். பின்புறத்தில் ஒரு பாத்தி லீக்ஸோ கோவாவோ போடலாம். மரம் வைப்பதென்பது நினைப்பிலும் இல்லாதது. மலையில் நின்ற மரங்கள் யாவும் தோட்டத்துக்கு உரியவை. எதை நடுவது, எதைத் தறிப்பது, எப்பொழுது கிளை கழிப்பது என்பனவெல்லாம் துரையின் உத்தரவு. நடுவதும் தறிப்பதும் மட்டுமே தொழிலாளியின் பங்கு.

2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நிலை சிறிது சிறிதாக மாறத் தொடங்கியது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் அதில் ஒரு தனிவீடும் என்பது அக்காலத் திட்டங்களின் அளவாயிற்று. இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் பணி நடந்தது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் திரண்ட மக்கள் முன்னிலையில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயங்களிலேயே இன்றும் வாழ்வோர் பெருந்தொகையினர் என்பதை நாம் மறந்துவிடவில்லை; அக்குறை தனியே எழுத வேண்டியது. ஆயினும் காணி கிடைத்தவர் கையில் ஒரு காணி இருக்கிறது. அதில் ஒரு மரத்துக்கு இடமும் இருக்கிறது. ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது. ஆகவே எந்த மரம் என்பதைச் சற்று நின்று நிதானித்துத் தெரிந்தெடுக்க வேண்டியதாகிறது.

இலையுதிர்க்கும் மரமாக இருந்தால் நல்லது என்பது பலருடைய எண்ணம். வருடம் முழுவதும் பசுமை குன்றாது நிற்கும் மரம் குளிர்நாட்டு வீட்டை இருளாக்கிவிடும். சுவரில் பாசி படரும். காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது. இந்த அச்சம் நியாயமானதே. அப்படியானால் இலையுதிர்க்கும் மரங்களுள் எது? இரண்டின் பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஒன்று ஜக்கரண்டா. தென் அமெரிக்காவிலே, ஆர்ஜெந்தீனா, பொலிவியா நாடுகளின் பக்கத்தைத் தாயகமாகக் கொண்டது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நீலமும் ஊதாவும் கலந்த பூவாலேயே தன்னைப் போர்த்திக்கொள்வது. மற்றது முருக்கு. தோட்டத்துப் பேச்சிலே டடப். எரித்ரினா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. தேயிலைக்கு நிழலாகவும் உரமாகவும் வளர்க்கப்படும் முள் குறைந்த இனம் இது. இதன் உடன்பிறப்பான முள்முருக்கைச் சிங்களத்தில் எரபது என்பர். தமிழகத்தில் கல்யாண முருங்கை என்பர். யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் கன்னிக்கால் ஊன்றுவது அந்த முள்முருக்கின் கிளையைக் கொண்டுதான். சித்திரைப் புத்தாண்டை அடுத்து அதன் செந்நிறப் பூக்கள் மலர்வதைச் சிங்கள மக்கள் புத்தாண்டின் அடையாளமாகவே கொள்கின்றனர்.

இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்குமுன், இலையுதிர்வு என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூறிவிடுவது நலம். மாணவர்களுக்கும் இது பயன்படலாம். 'இலையுதிர்காலம்' என்ற சொல் நம் பாடப்புத்தகங்களில் நன்கு ஊன்றிவிட்டது. ஆனால் தமிழர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலையுதிர்வதற்கென்று ஒரு பருவம் இவற்றுள் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையுதிர்க்கும் மரங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இலையை உதிர்க்கின்றன. அது ஒரு பருவமாகவே அவர்கள் கண்ணில் பட்டது. நம்முடைய மண்டலத்தில் மரம் இலையை உதிர்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குளிரன்று, வறட்சி. மண்ணில் நீர் குறையும்போது, இலைவழியே ஆவியாகிப் போகும் நீரை மிச்சப்படுத்த மரம் தன் இலைகளைக் கைவிடுகிறது. இலைக்காம்பின் அடியிலே மென்மையான கலங்களாலான ஒரு படை உண்டாகிறது. அப் படை நெகிழ்ந்ததும் சிறு காற்றுக்கும் இலை விழுந்துவிடுகிறது. விழுந்த வடுவின்மேல் தக்கை போன்றதோர் மூடி படர்ந்து காயத்தை அடைக்கிறது. எந்த மரம் எப்பொழுது உதிர்க்கும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். அண்டை மரங்கள் இரண்டு ஒரே மாதத்தில் உதிர்க்க வேண்டுமென்ற நியதியும் இல்லை.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கல்வியன்று. நம் கேள்விக்கு விடையே இதில்தான் தங்கியிருக்கிறது. ஆங்கிலத் தோட்டக்கலை நூல்கள் இலையுதிர்க்கும் மரத்தை வீட்டுக்குத் தெற்கே வைக்கச் சொல்லும். கோடையில் அதன் இலை வெயிலை மறைக்கும். மாரியில் இலையின்றி நின்று அரிதாய்க் கிடைக்கும் வெயிலை வீட்டுக்குள் விடும். அந்நாட்டுக்கு மிகப் பொருத்தமான யோசனைதான். அதைத் தலவாக்கலைக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும்.

முதலாவது, திசை. தலவாக்கலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருமுறையும் செப்டெம்பர் முதல் வாரத்தில் ஒருமுறையுமாகச் சூரியன் நடுப்பகலில் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. ஆகவே தெற்குப் பக்கம் என்பதற்கு இங்கு அந்தச் சிறப்பு இல்லை. காலை வெயில் வரும் கிழக்கும், மாலை வெயில் வரும் மேற்குமே நமக்கு முக்கியமான திசைகள்.

இரண்டாவது, பருவம். இது இன்னும் பெரிய வேறுபாடு. நமக்கு வெளிச்சம் குறைந்த காலம் எது? டிசம்பரும் ஜனவரியும் அல்ல. ஜனவரி தொடங்கி மார்ச் வரை இரவுகள் கடுங்குளிர். நுவரெலியாப் பக்கத்தில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனியும் காணலாம். ஆனால் பகல் தெளிவானது, வானம் நீலமானது. வெளிச்சம் மங்கிய காலம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களே. மே மாத இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளின்மேல் முகில் கவிந்து கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் வீட்டுக்குள் விளக்கு ஏற்றிப் பிள்ளைகள் பாடம் படிக்கும் நாட்கள் அவை. விறகு நனைந்து புகையும். துணிகள் அடுப்பின்மேல் கட்டிய கொடியில் தொங்கும்.

ஜக்கரண்டா இந்த மாதங்களில் என்ன செய்கிறது? வறண்ட மாதங்களில், வானம் மிகத் தெளிவாக இருக்கும் வேளையில், இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. வறட்சி முடியுந்தறுவாயில் பூக்கிறது. பூ ஓய்ந்ததும் புதுத் தளிர் விட்டு, பருவமழை வந்து சேரும்போது நிறைந்த இலையோடு நிற்கிறது. வெளிச்சம் மிகுந்த காலத்தில் வெறுங்கிளை. வெளிச்சம் அருகிய காலத்தில் முழு இலை. முருக்கும் தன்போக்கில் விடப்பட்டால் அதே ஒழுங்கையே பின்பற்றும். ஆக, தானாக இலையுதிர்ப்பதை மட்டும் நம்பி மரம் தெரிபவருக்கு இரண்டுமே ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்மாதத்துக் காலை வெயிலை இரண்டும் தடுக்கமாட்டா. பருவமழை மாதத்து மங்கலை இரண்டும் அதிகப்படுத்தும்.

வேற்றுமை எங்கே இருக்கிறதெனில், மனிதன் கத்தி எடுக்கும்போது இவ்விரு மரங்களும் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. முருக்கின் கிளைகளை மே மாதத் தொடக்கத்தில் கழித்துவிடலாம். மரம் வருந்துவதில்லை, சில வாரங்களில் புதுக் கொம்புகள் வெடித்துக் கிளம்பும், மழை ஓயும் நாட்களில் மீண்டும் ஒரு குடையாகிவிடும். இலையுதிரும் காலத்தை நாமே குறித்துக் கொடுக்கலாம் என்றுகூடச் சொல்லலாம். ஜக்கரண்டாவை அப்படிச் செய்தல் ஆகாது. பெரிய கிளையை வெட்டினால் வெட்டிய இடத்தில் நேர்மேலாக நெடுங்குச்சிகள் பல கிளம்பும். மரத்தின் இயல்பான விரிந்த வடிவம் கெட்டுவிடும். அடுத்த ஆண்டின் பூவும் குறைந்துவிடும். அதன் அழகே அதன் வடிவத்திலும் பூவிலும் இருக்கையில், ஆண்டுதோறும் வெட்டப்படும் ஜக்கரண்டாவை வைத்திருப்பதில் பொருளில்லை.

முருக்கைக் கழிக்கும் இந்த உபாயம் நம் கண்டுபிடிப்பன்று. தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்ததுதான். அதன் வரலாறு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திராது. தலவாக்கலையின் சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் ஆரம்பகாலத்தில் நிழல் மரம் பற்றிய கேள்வி பெரும்பாலும் உரத்தையும் வெப்பத்தையும் பற்றியதாக இருந்தது. 1946 ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலை மலைகளில் கொப்புள நோய் தோன்றியது. அஸ்ஸாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டிருந்த நோய் அது. ஒரு பங்கசினால் உண்டாவது. இளங்கொழுந்தின்மேல் விழும் அதன் வித்திகள் முளைப்பதற்கு ஈரம் வேண்டும். வெயில் படாத, நெடுநேரம் காயாத இலை வேண்டும். கொழுந்தையே விலையாக்கும் தோட்டத்துக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. செம்பு மருந்து தெளிப்பதோடு, மழைக்காலத்துக்கு முன்னே நிழலைக் குறைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியாயிற்று. பருவமழை தொடங்குமுன் டடப்பின் கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று புகும், ஒளி புகும், இலை விரைவில் காயும்; கழித்த கிளையும் இலையும் தேயிலைச் செடியின் அடியில் மக்கி உரமாகும்.

தேயிலைச் செடிக்குப் பொருந்திய இந்த நியாயம் தேயிலைத் தொழிலாளியின் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும் அன்றோ? செடியின் இலை காய வேண்டும் என்பதற்காக மரத்தைக் கழித்த கைகள், பிள்ளையின் பள்ளிச் சீருடை காய வேண்டும் என்பதற்காகவும் கழிக்கலாம்.

இனி இடத்தின் அளவைப் பார்ப்போம். இது கூட்டல் கழித்தல் கணக்கு. மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,905 சதுர அடி. திட்ட வீடு 550 சதுர அடி எனக் கொண்டால் எஞ்சுவது 1,355. நன்கு வளர்ந்த ஜக்கரண்டாவின் குடை முப்பதடி அகலம் விரியக்கூடியது. அதன் நிழற்பரப்பு 700 சதுர அடிக்குச் சற்று மேல். எஞ்சிய நிலத்தில் பாதிக்கு மேல் ஒரு மரத்தின் கீழே போய்விட்டது! கோவாவும் கரட்டும் போஞ்சியும் போட்டு நாலு காசு பார்க்க நினைத்த பாத்தி எங்கே இருக்கும்? காணி சதுரமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் நாற்பத்து மூன்றரை அடி. வீட்டைப் பின் எல்லையோடு ஒட்டிக் கட்டினாலும் முன்னே இருபதடி மட்டுமே மிஞ்சும். அந்த இருபதடியின் நடுவில் ஜக்கரண்டாவை நட்டால் குடையின் ஒருபுறம் ஐந்தடி கூரையின் மேலும், மறுபுறம் ஐந்தடி பாதையின் மேலோ அயலவர் காணியின் மேலோ படரும். மலையகத்துக் காணி சதுரமாக இருப்பதுமில்லை. பாதி சரிவு, கால்வாசி வெட்டிச் சமன்செய்த மேடு.

கூரையின்மேல் படரும் ஜக்கரண்டாவைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் இலை மிகச் சிறிய சிற்றிலைகளாலானது. உதிரும்போது அவை தூள்போலப் பொழிந்து கூரைப் பீலியில் தங்கி நீரை அடைக்கும். கைக்கு அகப்படாத அத்தூளை ஏணி வைத்து வாரி எடுப்பது எளிதான வேலையன்று. தரையில் விழுந்த பூவும் மழை பட்டதும் வழுக்கும்; படிக்கட்டில் முதியவர் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யலாகாது.

இவ்வளவும் கூறியதால் ஜக்கரண்டாவை நாம் வெறுப்பதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். பூத்து நிற்கும் ஜக்கரண்டாவை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் 1888 ஆம் ஆண்டில் நட்ட இரண்டு மரங்களில் தொடங்கி வீதி வீதியாக நட்டு, அந்நகருக்கு ஜக்கரண்டா நகரம் என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது. பின்னர் காட்டுப்புறங்களிலும் அது தானாகப் பரவத் தொடங்கவே, 2001 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதை அந்நியப் படரினங்களின் பட்டியலில் சேர்த்துப் புதிதாக நடுவதைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. இருந்த மரங்களை வெட்டிவிடத்தான் எவருக்கும் மனம் வரவில்லை! மலையகத்திலும் பழைய பங்களாத் தோட்டங்களிலும் வீதியோரங்களிலும் அது நிற்கிறது. ஏக்கர் கணக்கான புல்வெளியின் நடுவே, ஒருவரும் தொடாது, தன் இஷ்டப்படி விரிந்து வளர்ந்த மரம்.

இங்கேதான் இத் தெரிவு வெறும் தோட்டக்கலைக் கேள்வியாக நில்லாமல் வேறொன்றாகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய், உம் சொந்தக் காணியில் டடப் நடும் என்று சொன்னால் அவர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த மரம், கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்த, அட்டைக் கடியோடு அதன் கீழே நின்ற மரம், வேலைத்தலத்தின் மரம். ஜக்கரண்டாவோ துரையின் மரம்; வேலிக்கு அப்பால் நின்று பார்த்த மரம். இருநூறு ஆண்டுக்குப் பின்னர் ஒரு துண்டு நிலம் கைக்கு வரும்போது, வேலிக்கு அப்பால் நின்ற அழகை வேலிக்கு இப்பால் கொண்டுவர எண்ணுவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அது மதிப்பைப் பற்றிய ஆசை.

ஆயினும் நாம் முருக்கின் பக்கமே நிற்கிறோம். மேலே சொன்ன ஒளியும் இடமும் மட்டும் அதற்குக் காரணமல்ல. முருக்கு தோட்டத்தின் மரமானது தோட்டத்துரைமார் அதன் குணத்தைக் கண்டுகொண்டதனால். அக்குணத்தை இதுவரை தேயிலை அனுபவித்தது, நட்டவர் அனுபவிக்கவில்லை. அதன் வேரில் முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பயிர் உண்ணத்தக்க உருவுக்கு மாற்றித் தருகின்றது. கழித்த இலையைப் பாத்தியில் பரப்பினால் உரப்பையின் செலவு ஓரளவு குறையும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, அடுத்த ஆண்டில் உர விலை எட்டாத உயரத்துக்குப் போன நாட்களை மலையகத்து மரக்கறிச் செய்கையாளர் மறந்திருக்கமாட்டார்கள். மாடோ ஆடோ வளர்ப்போருக்கு அதே இலை தீனி. இத்தனையும் தேயிலைக்கு என்றிருந்தது போக, இனி வீட்டுக்கு என்றாகுமானால், பழகிய மரமே புதிய உறவாகிவிடாதா?

முருக்கின் குறைகளை மறைப்பதும் நேர்மையாகாது. அதன் மரம் மென்மையானது; விறகாக எரித்தால் சிறிது நேரத்தில் சாம்பல், பலகைக்கோ தளபாடத்துக்கோ உதவாது. கிளை எளிதில் முறியும். கழிக்காமல் ஓங்க விட்ட முருக்கு தென்மேற்குக் காற்றில் முறிந்து கூரையில் விழக்கூடும். ஆதலால் முருக்கை வைத்துவிட்டுக் கத்தியை மறப்பவருக்கு அம் மரம் ஏற்றதன்று. அவர் வேறெதையேனும் வைக்கலாம். எரித்ரினா இன மரங்களை அண்மையில் ஒரு நோயும் பிடித்தது. ஒன்றரை மில்லிமீற்றர் அளவேயுள்ள ஒரு குளவி, இலைக்குள் முட்டையிட்டு இலையை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்கிறது. 2004 ஆம் ஆண்டில்தான் அறிவியலாளர் இதற்குப் பெயரிட்டனர். 2005 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளை எட்டி அங்குள்ள முருக்கினத்தைப் பெருமளவில் அழித்தது. கேரளத்தில் மிளகுக் கொடி படர நட்டிருந்த முருக்குகளையும் தாக்கிற்று. ஹவாயில் 2008 இல் இக்குளவியை உண்டு வாழும் வேறொரு குளவியை ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்து விட்ட பின்னரே நிலைமை தேறியது. ஆகவே போத்து எடுக்கும் தாய்மரத்தின் தளிர்களை நன்கு பார்த்து, முடிச்சும் சுருட்டலும் இல்லாத மரத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: முருக்கு வகைகளின் விதை நஞ்சுடையது. பளபளப்பாக இருப்பதால் சிறுவர் பொறுக்கி வாயில் இடுவர். ஆண்டுதோறும் கழிக்கப்படும் மரம் பெரும்பாலும் பூத்துக் காய்ப்பதில்லை என்பது ஒரு ஆறுதல். தமிழகத்தில் கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடை சுடுவர் என்பதைக் கேட்டு, நம் தோட்டத்து டடப் இலையையும் அவ்வாறே அரைத்துவிட வேண்டாம், இனம் வேறு.

மூன்றாவது மரம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். சபுக்கு மரத்தைச் சிலர் நினைப்பர். மலையெங்கும் நிற்பது, பலகைக்கு ஆகும், விறகுக்கும் ஆகும். ஆனால் மிக உயரமாய் வளர்வது, 7 பேர்ச்சஸ் முற்றத்துக்கு அடங்காதது. பேரி மரமும் இலையுதிர்ப்பதுதான், காய் விலைபோகும், சிறு முற்றத்துக்கும் அடங்கும். பழமே முதல் நோக்கமானால் பேரியை வைப்பதை நாம் தடுக்கமாட்டோம். நிழலும் தழையும் வேலியும் வேண்டுமெனில் அது போதாது.

எந்த மரமானாலும் அதை வைக்கும் இடத்தைப் பற்றி மலையகத்தில் ஒரு சொல் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டதையும் நாம் அறிவோம். மரத்தின் வேர் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும் என்பது உண்மையே. ஆனால் வீடு கட்ட வெட்டிய மண்சுவரின் உச்சி விளிம்பில் பெருமரம் ஒன்றை நிறுத்தினால், அதன் பாரமும், காற்று அதை ஆட்டும் ஆட்டமும் அவ்விளிம்பையே தளர்த்திவிடக்கூடும். விளிம்பில் புல்லும் செடியும் போதும். மரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். நிலத்தில் வெடிப்போ, புதிய நீரூற்றோ, சாய்ந்த மரமோ கண்டால் அது மரம் நடும் காரியமன்று; கிராம அலுவலருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் உடனே அறிவிக்க வேண்டிய காரியம்.

முருக்கை வைப்போருக்கு மேற்கு எல்லை பொருத்தமானது. மாலை வெயிலைத் தணிக்கும். தென்மேற்குக் காற்றின் முதல் வேகத்தையும் வாங்கிக்கொள்ளும். சுவரிலிருந்து பத்தடியேனும் விட்டு நடுக. முற்றிய கிளையில் மணிக்கட்டுப் பருமனுள்ள நாலைந்தடிப் போத்தாக வெட்டி, இரண்டொரு நாள் நிழலில் கிடத்தி, மழை தொடங்கும் நாட்களில் ஓரடி ஆழத்தில் ஊன்றி மண்ணை மிதித்து இறுக்கினால் வேர்விடும். நுனிப்பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. அவசரத்தில் தலைகீழாய் ஊன்றியவர்களும் உண்டு! ஆடு எட்டாத உயரத்துக்குத் தளிர் வளரும்வரை சுற்றிலும் முள் அடைத்துவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் கத்தி படக்கூடாது. பின்னர் மே மாதத் தொடக்கத்தில் ஆளுயரத்துக்குச் சற்று மேலாகக் கழிக்கலாம். ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பது மரத்துக்கு நல்லது. என்றேனும் மரத்தை அகற்ற நேர்ந்தால் அடிக்கட்டையை மண்ணில் விட்டுவிடாது வேரோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். மக்கும் கட்டையில் குடியேறும் வேர்நோய்ப் பங்கசு வேர்வழியே நடந்து பக்கத்துத் தேயிலைக்குப் போய்விடும்.

ஜக்கரண்டாவை விரும்பும் இளையோருக்கு நாம் சொல்வது: அதை ஒரு வீட்டுக்குள் அடைக்க முயலாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோங்கள். பாடசாலை மைதானத்தின் ஓரம், கோவில் வெளி, புதுக் குடியிருப்பில் பிள்ளைகள் விளையாட ஒதுக்கிய நிலம் ஆகியவை அதற்கு ஏற்றவை. அதிபரிடமோ கோவில் சபையிடமோ முன்கூட்டியே அனுமதி பெற்று, மின்கம்பிக்கு அடியில் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு மரத்துக்கு முப்பதடி சுற்றுவெளி விட்டு நடலாம். தட்டையான, வட்டவடிவக் காய் முற்றி வெடிக்குமுன் பறித்து நிழலில் காயவைத்தால் மெல்லிய இறகுடைய விதைகள் கிடைக்கும். ஈரமணலில் தூவி மேலே மிக மெல்லிய மண்படையால் மூடினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். கன்று முழங்காலளவு ஆகும்வரை சாடியிலேயே இருக்கட்டும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் இளங்கன்றை உறைபனி கருக்கிவிடுமாதலின், முதலாவது குளிர்காலத்தில் மாலையானதும் சாக்கினால் மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். விதையிலிருந்து வந்த மரம் பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். இவ்வாண்டு நடும் மாணவர், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னர்தான் அதன் முதற் பூவைக் காண்பார்.